பெரிய மாலை எந்த மெஷினுக்கு?

போட்டிக் கம்பெனிக்குத் தகவல் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். அதை எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த நெய்வேலியில் பார்க்கிறேன் என்பதுதான் என் கஷ்டம். பாஸ்வேர்டை மானிட்டரிலேயே ஒட்டி வைக்கிற சக ஊழியரோடு மல்லுக்கட்டுகிறவர் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

எக்ஸ்சேஞ்ச் சார்

நான் டவுன்ஷிப் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ரிட்டையர் ஆனவன். வீட்டில் சும்மா இருந்து, சாம்பாரில் உப்பு சரியா என்று கருத்து சொல்ல ஆரம்பித்ததும், என் மனைவியே எனக்கு வேலை தேடத் தொடங்கிவிட்டாள். அப்படிக் கிடைத்ததுதான் வடக்குத்து ரோட்டில் பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் கம்பெனி. மைன்ஸில் கரி அள்ளிக்கொண்டு போகிற பெல்ட் ஓடுவதற்கு அடியில் வரிசையாக ரோலர்கள் இருக்கும். அந்த ரோலர்களைச் செய்கிற கம்பெனி அது.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தண்டபாணி என்பவரின் கம்பெனி. அவரும் ரோலர்தான் செய்கிறார். அண்ணாச்சியின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும், தண்டபாணியின் அப்பா ஈரோட்டுப் பக்கத்திலிருந்தும் மைன்ஸ் வேலைக்கு வந்தவர்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் டவுன்ஷிப் ஸ்கூலில் ஒரே பெஞ்சு. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிப் பாஸ் ஆனவர்கள், இப்போது ஒருவர் செய்வதை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்கு ஆள் போடுகிறார்கள். அனுபவமே இல்லாத என்னை எதற்கு எடுத்தீர்கள் என்று அண்ணாச்சியிடமே கேட்டேன். அவர் சொன்னார்: "அத்தனை வருசம் ஊர் பேசுன பேச்சையெல்லாம் காதுல வாங்கிட்டு, ஒரு வார்த்தை வெளிய விடாம இருந்தீரே, இதுக்கு மேல என்னவே அனுபவம் வேணும்?"

ஸ்டிக்கர்

சேர்ந்த ஜோரில் நான் செய்த முதல் காரியம், கேட்டில் நின்று எல்லார் போனிலும் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டியது. போட்டோ எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். ஃபோர்மேன் கலியன் கேமராவே இல்லாத பட்டன் போன் வைத்திருந்தார். அவருக்கு மட்டும் ஒட்டாமல் விட்டால் பாரபட்சம் என்பார்களே என்று, அதன் முதுகிலும் ஒன்று ஒட்டினேன். வீட்டுக்குப் போகும்போது அதைப் பிய்க்க யாருக்கும் நேரமில்லை. சிவப்பு ஸ்டிக்கரோடு அந்தப் போன்கள் பஸ்ஸில் போயின, மார்க்கெட்டுக்குப் போயின, கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன.

ஒரு வாரம் கழித்து கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் நின்றேன். கடைக்காரர் என் போனைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், கிளாசை ஆற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இத ஒட்டறதுக்கு முன்னாடி உங்க கம்பெனியில ஒண்ணுமே இல்லன்னுதான் சார் நெனச்சிகினு இருந்தேன்."

வீட்டில் பேசக் கூடாது

அடுத்து, எல்லாரிடமும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினேன். கம்பெனியில் பார்ப்பதை, செய்வதை வெளியே யாரிடமும், வீட்டிலும்கூட, சொல்ல மாட்டேன் என்று. கலியன் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வூட்டுக்கார அம்மா கேட்டா இன்னா சார் சொல்றது, பேச்சு வராதுன்னா?" என்றபடியே போட்டார்.

ஜமீலா மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். கம்ப்யூட்டரில் மெஷின்களுக்கு டிராயிங் போடுகிறவர் அவர்தான். வடக்குத்திலேயே வீடு. அவருடைய கணவர் சாதிக், எதிரே தண்டபாணி கம்பெனியில் சாமான் வாங்கிப் போடுகிற வேலையில் இருக்கிறார். காலையில் ஒரே வண்டியில் வந்து, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் இறங்குவார்கள்.

"அவங்களும் அங்க இதே மாதிரி கையெழுத்து போட்டுட்டாங்க சார். இனிமே நாங்க வூட்ல இன்னாதான் பேசிக்கறது?" என்று கேட்டார். பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசுங்களேன் என்று பெரிய மனுஷத்தனமாக யோசனை சொன்னேன். கையெழுத்தைப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "அதப் பேசினாத்தான் சார் சண்டையே வருது."

காலை நடை

அண்ணாச்சியும் தண்டபாணியும் தினமும் காலையில் ஒன்றாகத்தான் நடக்கப் போவார்கள். டவுன்ஷிப் ரோட்டில் இரண்டு பக்கமும் மரம், நடுவில் இந்த இரண்டு முதலாளிகளும். எதிராளியோடு கைவீசி நடக்கிறவரை வைத்துக்கொண்டு நான் எந்தக் கதவைப் பூட்டுவது? ஒருநாள் நானும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பத்தடி பின்னாலேயே நடந்தேன். முழங்கால் வலி, மருமகன் வாங்கிய கார், எட்டாம் வகுப்பில் இவர்களை வெளியே நிற்க வைத்த வாத்தியார், மறுபடியும் முழங்கால் வலி. தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு நான் திரும்பலாமா என்று யோசித்தபோது, தண்டபாணியே நின்று திரும்பிப் பார்த்தார். கையைப் பிடித்து நடுவில் இழுத்துக்கொண்டார். "எதுக்குங்க பின்னாடி வர்றீங்க, கூடவே வாங்க. இவனும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான், நீங்களாச்சும் ஏதாவது சொல்லுங்க."

ஆயுத பூஜை

அந்த வருஷம் கலியன் ஒரு பிரஸ் செய்தார். ரோலருக்குள் இருக்கும் பேரிங்கில் கரித்தூளும் சேறும் புகுந்துவிட்டால் ரோலர் சீக்கிரமே சிக்கிக்கொள்ளும். அது புகாதபடி ஒரு மூடியை ஒரே அழுத்தில் உட்கார வைக்கிற பிரஸ். கம்பெனியின் அடுத்த சில வருஷச் சாப்பாடு அதை நம்பித்தான் இருந்தது. அதைத் தனியாக ஒரு மூலையில் வைத்து, திரை கட்டி, நானே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. வருஷமெல்லாம் மூடியிருக்கும் கேட், அன்றைக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டிக்கொண்டு விரியத் திறந்து கிடந்தது. நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியாதா? வேலை செய்கிறவர்களின் குடும்பம், அக்கம்பக்கம், ரோட்டில் போகிறவர், எல்லாருக்கும் பொரி கடலை உண்டு. எல்லாரும் உள்ளே வந்து மெஷின்களுக்குக் கும்பிடு போடுவார்கள். வந்தவர்கள் போனில் ஸ்டிக்கர் ஒட்டப் போனேன். "சாமி கும்பிட வாரவன் நெத்தியில குங்குமம் வைக்கணும்வே, போன்ல ஸ்டிக்கரு ஒட்டப்படாது" என்று அண்ணாச்சி என்னைத் துரத்திவிட்டார்.

சரி, டிராயிங்கையாவது காப்போம் என்று ஜமீலாவின் ரூமைப் பூட்டி, அன்று முழுக்க அதன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் கலியன், திரையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அந்த வருஷத்துப் புது மெஷின் என்ற மரியாதையோடு பிரஸ்ஸுக்கு ஆள் உயர மாலை போட்டிருந்தார். மாலையின் பாரம் தாங்குவதற்காகக் காலையில் அவசர அவசரமாக அதன் தலையில் ஒரு கொக்கி வேறு வெல்டிங் வைத்தாராம். குடும்பத்தோடு வந்த தண்டபாணி அந்தப் பிரஸ்ஸுக்கு முன்னால் கைகூப்பி வெகுநேரம் நின்றார் என்று அப்புறம்தான் கேள்விப்பட்டேன். போகும்போது பொரிப் பொட்டலத்தோடு என்னிடம் வந்து, நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "எங்க கும்பிட்டாலும் இந்த மாதிரி மனசு நெறையறது இல்லைங்க."

சொல்லாததை எப்படிக் காட்டுவது

பொங்கலுக்கு முன்னாலேயே தண்டபாணி கம்பெனி ரோலரிலும் அதே மாதிரி மூடி வந்துவிட்டது. கலியன் அப்படி ஒரு ரோலரைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். அண்ணாச்சி அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

"புருசன் அங்க, பொண்டாட்டி இங்க. டிராயிங் இருக்கது அந்தப் புள்ள கையில. வேற எந்த வழியாவே போயிருக்கும்?" என்றார். இல்லை அண்ணாச்சி, ஜமீலா அப்படிப்பட்டவர் இல்லை என்றேன். அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். என்னிடம் இல்லை. "மாசக் கடைசிக்குள்ள நீரு வழியக் கண்டுபிடியும். இல்லன்னா அந்தப் புள்ளைய நிறுத்திருதேன். எனக்கு மட்டும் சந்தோசமாவா இருக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜமீலாவுக்கு விஷயம் எட்டாமல் இருக்குமா? நம் கம்பெனியில் எட்டாத விஷயம் ஏது? மகளுக்கு அப்போதுதான் நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. இந்த வேலை போனால் படிப்பும் போகும். அதைவிட, திருடி என்று பெயரெடுத்துவிட்டு வடக்குத்தில் எப்படி நடமாடுவது? என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. "சொல்லியிருந்தாலாவது இன்னா சொன்னேன்னு காட்டலாம் சார். சொல்லாதத நான் எப்படிக் காட்டறது?"

கொக்கி

தை பிறந்ததும் தண்டபாணியிடமிருந்து அழைப்பு வந்தது: மார்கழியில் வேண்டாம் என்று தள்ளிப்போட்டிருந்த புது பிரஸ் பூஜை, அவசியம் வர வேண்டும். நம்மிடமிருந்து எடுத்ததற்கு நம்மையே கூப்பிடுகிறாரே என்று எனக்கு ஆத்திரம். அண்ணாச்சி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "கூப்பிட்டும் போகலைன்னா நாளைக்குக் காலையில அவன் மூஞ்சியில எப்படிவே முழிப்பேன்?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்.

உள்ளே, அச்சு அசலாக நம் பிரஸ். பச்சை பெயின்ட், சந்தனம், குங்குமம். அதன் தலையைப் பார்த்தேன். கொக்கி! மாலை மாட்டுவதற்குக் கலியன் அவசரத்தில் வைத்த அதே கொக்கி, அதே இடத்தில், கொஞ்சம் கோணலாக இருந்ததுகூட அதே கோணலாக. அண்ணாச்சியின் முதுகில் மெல்லத் தட்டினேன். ஜமீலாவின் டிராயிங்கில் கொக்கி கிடையாது. பூஜையன்றைக்கு அந்த மாலையோடு பிரஸ்ஸைப் பார்த்தவருக்கு மட்டுமே அது தெரியும்.

சாதிக் கேசரித் தட்டோடு எங்களிடம் வந்தார். மனைவியின் விஷயம் தெரிந்திருந்ததால் எங்கள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. "இந்தக் கொக்கி எதுக்கு தம்பி?" என்று கேட்டேன். "தெரிலீங்க. அதுதான் மெயினு, அது இல்லாம மெஷின் சரியா வேலை செய்யாதுன்ட்டாரு எங்க மொதலாளி. மொதல்ல நேரா வச்சிட்டோம்னு திட்டி, மறுபடியும் அறுத்துக் கோணலா வைக்க வச்சாருங்க."

மன்னிப்பு

ரோட்டைத் தாண்டி வருகிற வரைக்கும் அடக்கிக்கொண்டிருந்த சிரிப்பை, நம் கேட்டுக்குள் வந்ததும் அண்ணாச்சி அவிழ்த்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. நேராக ஜமீலாவின் ரூமுக்குப் போய், "எம்மா, உன்னயப் போயி சந்தேகப்பட்டுட்டேன். தப்பு எம்மேல" என்றார். கம்பெனியே வாசலில் நின்று கேட்டது.

ஜமீலா எழுந்து நின்றார். "எனக்கு ரொம்ப வலிச்சிச்சு சார்" என்றார். அதைத் தவிர வேறு எதுவும் சொல்லியிருந்தாலும் அண்ணாச்சிக்கு அவ்வளவு உறைத்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்து ஜமீலாவே, அடுத்த வருஷம் பூஜைக்கு கேட்டை மூடிவிடுங்கள் என்றார். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். அண்ணாச்சி பதறிப்போனார். "அது ஒண்ணு மட்டும் முடியாதும்மா. சாமி கும்பிட வாரவன வாசல்ல வச்சு மறிச்சேன்னா, எங்க அப்பன் படத்துல இருந்து எறங்கி வந்து அடிப்பாரு."

இந்த வருஷத்து மாலை

கேட்டை மூட முடியாது. புது மெஷினுக்கு மாலை போடாமல் இருக்கவும் முடியாது என்றார் கலியன். போடாவிட்டால் அது கோபித்துக்கொண்டு வருஷமெல்லாம் மக்கர் பண்ணுமாம். கலியன் அதற்குள் பிரஸ்ஸைவிட நல்லதாக இன்னொன்று செய்து வைத்திருந்தார். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஆயுத பூஜையன்று கேட் திறக்கும் முன்பே அதற்கு முறைப்படி மாலை போட்டு, கற்பூரம் காட்டி, மன்னிப்பும் கேட்டு, பழைய தார்ப்பாயைப் போர்த்திவிட்டார் கலியன்.

பெரிய மாலை எதற்கு? ஷெட்டை வாங்கும்போது கூடவே வந்த, தகடு வளைக்கிற ஓட்டை மெஷின் ஒன்று துருவேறிக் கிடந்தது. அதற்குப் பச்சை பெயின்ட் அடித்தோம். கொக்கி வைத்தோம். ஆள் உயர மாலை, உடம்பெல்லாம் குங்குமம், சுற்றிக் கயிறு, கயிற்றுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நான். தண்டபாணி வந்தார். மாலையைப் பார்த்ததும் நடை நின்றது. "புதுசுங்களா?" என்றார். "அதைப் பத்திப் பேசக் கூடாதுங்க" என்று நான் பதறி எழுந்தேன். எக்ஸ்சேஞ்ச் நாடக மன்றத்தில் நான் ராஜபார்ட் போட்டவன். அன்றைக்கு அது உதவியது. தண்டபாணி கைகளைக் கூப்பிக்கொண்டு சொன்னார்: "பேச வேண்டாமுங்க, கும்பிட்டுக்கறனுங்க."

லாரி

அதற்கப்புறம் சாதிக் கண்ணிலேயே படவில்லை. கோயம்புத்தூர் போனார், சேலம் போனார், பழைய மெஷின் விற்கிற சந்து சந்தாக அலைகிறார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எதைத் தேடுகிறார் என்பது மட்டும் பரம ரகசியம். ஜமீலாவை வடக்குத்திலிருந்து கலியன்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

போன வாரம் மத்தியானம், ரோட்டில் ஹாரன் சத்தம். எல்லாரும் கேட்டுக்கு ஓடினோம். ஒரு லாரி மெதுவாக எதிர்க் கம்பெனிக்குள் திரும்பியது. அதன் மேல், தகடு வளைக்கிற பழைய மெஷின். நம்முடையதைவிடத் துரு அதிகம். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தாடியும் அழுக்குச் சட்டையுமாக சாதிக். கலியன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி, "நாளைக்கு நடக்கப் போகும்போது எனக்குச் சிரிப்பு வராம இருக்கணுமே" என்று கவலைப்பட்டார்.

ஜமீலா மட்டும் கேட்டுக்கு வரவில்லை. உள்ளே போனேன். டிராயிங் போட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா, பாவம், அந்த மனுஷன் இடுப்பு ஒடிய அலைஞ்சிருக்காரே. அது ஓட்டை மெஷின்னு வீட்டுல ஜாடையா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதட்டோரம் மட்டும் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. "வூட்ல சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் கையெழுத்து வாங்கினீங்க?"

ஆக, எங்கள் கம்பெனியில் ரகசியம் காக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், அவரைக் கண்காணிக்கத்தான் எனக்குச் சம்பளம்.